பத்து நாற்பதுக்கு வெயில்

1

இந்த நாட்டில் மஞ்சள் உறையில் ஒரு கடிதம் வந்து அதனால் யாருக்கும் நல்லது நடந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. தபால்காரர் அதைப் பெட்டிக்குள் போட்ட திகதியை உறையின் மேலேயே எழுதிவிட்டுப் போவார். பிறகு கிடைக்கவில்லை என்று நீங்கள் வாய் திறக்க முடியாது. ஜேர்மன்காரர் நேரத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு நடப்பவர்கள் என்று ஊரில் இருந்து பேசுகிறவர்கள் மெச்சிக்கொள்வார்கள். எனக்கு அந்தக் கதையைச் சொல்லாதீர்கள். நேரத்தை ஒழுங்காகப் பார்க்காத ஒரு ஜேர்மன்காரரால்தான் என் தம்பி ஆறு வருடமாக உள்ளே இருக்கிறான்.

தம்பியின் பெயர் அன்ரன். டுசல்டோர்ஃபில் ஒரு உணவகத்தின் களஞ்சிய அறைக்குத் தீ வைத்தான் என்று எட்டு வருடத் தண்டனை. அவன் வைக்கவில்லை. தீப்பிடித்த நேரம் அவன் கொலோனில், என் கண் முன்னால் நின்றான். அதற்கு வீடியோ இருக்கிறது. அந்த வீடியோவை நானே கொண்டுபோய் எங்கள் சட்டத்தரணியின் கையில் கொடுத்தேன். அவர் அதை நீதிமன்றத்துக்குக் காட்டவேயில்லை.

இன்னும் இரண்டு வருடத்தில் அவன் வெளியே வருவான், பொறுத்துக்கொள்ளுங்கள் என்று ஆறுதல் சொல்கிறவர்களுக்கும் ஒரு விஷயம் தெரியாது. அவனிடம் இருப்பது இலங்கைக் கடவுச்சீட்டு. சிறைக் கதவு திறந்தால் நேரே விமானநிலையம்தான் என்று வெளிநாட்டவர் அலுவலகம் ஏற்கெனவே எழுதிவிட்டது. பத்தொன்பது வயதில் வந்தவனுக்கு இப்போது ஐம்பதுக்கு மேல். அங்கே அவனுக்குக் கதவு திறக்க ஒருவரும் உயிரோடு இல்லை.

சென்ற சனிக்கிழமை எனக்கு மஞ்சள் உறை வந்தது. அடுத்த நாள் என் கணவர் யூட்டின் ஆறாம் ஆண்டு நினைவுப் பூசை. இரண்டும் ஒன்றாக வந்ததில்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

2

யூட் ஓகஸ்ட் மாதத்தில் மாரடைப்பில் போனார். செப்டெம்பர் நடுவில், ஒரு சனிக்கிழமை, மாதா கோவில் மண்டபத்தில் முப்பத்தோராம் நாள் மன்றாட்டு. ஐந்தரைக்குச் செபம், அதன் பிறகு சாப்பாடு. எங்கள் ஆட்கள் எதையும் வீடியோ எடுக்காமல் விடமாட்டார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். கனடாவில் இருக்கிற மச்சாள்மாருக்கு அனுப்பவேண்டும். வீடியோ செல்வம் அண்ணைதான் கொலோன் தமிழ்ச் சனத்தின் கலியாணம், முதல்நன்மை, சாவு எல்லாவற்றையும் எடுக்கிறவர். அன்றும் அவர் கமராவோடு வந்தார்.

அன்ரன் விடியவே வந்து கதிரை அடுக்கினான். பின்னேரம் பிளேன்ரீ தட்டோடு ஆட்களுக்கு நடுவே திரிந்தான். எனக்கும் ஒரு கோப்பை கொண்டுவந்து தந்து, "அக்கா, இதையாவது குடியுங்கோ" என்றான். அது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

அதே மாலை ஏழு பத்துக்கு, நாற்பது கிலோமீற்றர் தள்ளி, அவனை இரண்டு மாதத்துக்கு முன் வேலையால் நிற்பாட்டின உணவகத்தின் பின்பக்கம் எரிந்தது. உள்ளே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த ஒரு பெண்ணுக்கு நுரையீரல் பழுதாகிப் போனது. அந்தப் பெண்ணுக்காக நான் இன்றைக்கும் மெழுகுதிரி கொளுத்துகிறேன். நீல மேற்சட்டையோடு ஒரு கறுத்த ஆள் ஓடினதை முன்வீட்டுக்காரர் கண்டாராம். அது அன்ரன்தான், என்னோடு சண்டை பிடித்தவன் என்றார் முதலாளி. நீல மேற்சட்டை இந்த நாட்டில் எத்தனை பேரிடம் இருக்கிறது என்று எண்ணிப்பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

3

இனி என் பிழையைச் சொல்கிறேன். கோபத்தில் பெரிய பங்கு எனக்கே உரியது.

அன்ரனைப் பிடித்ததும் நீதிமன்றமே அவனுக்கு ஒரு சட்டத்தரணியை நியமிக்க இருந்தது. குற்ற வழக்குகள் மட்டும் பார்க்கும் ஒரு இளம் பெண். அவன் சரியென்றுதான் சொன்னான். நான் விடவில்லை.

"கோர்ட் குடுக்கிற லோயர் கோர்ட்டின்ர ஆள்தானே. எங்கட லோயரிட்டப் போவம்" என்றேன்.

எங்கட லோயர் என்றால் கொலோனில் எல்லோருக்கும் தெரியும். எங்கள் அகதி விண்ணப்பங்களை வென்று தந்த மனிதர். நான் வந்த புதிதில், முகாமில் ஆறு பேர் ஒரு அறையில் கிடந்தபோது, என் கையைப் பிடித்து, "பயப்படாதே, நான் சொல்வதை மட்டும் சொல்" என்றவர். அதை நான் மறந்தவள் அல்ல. எங்கள் கலியாணங்களில் அவருக்கு முன்வரிசை. சங்கம் அவருக்குப் பொன்னாடை போர்த்தியது. நத்தார்ப் பண்டிகைக்கு அவர் வீட்டுக்கு றோல்ஸ் போகும். பல்லுக்கொதிக்குக்கூட அவரிடம் கேட்டுவிட்டுத்தான் வைத்தியரிடம் போகிறவர்கள் எங்களில் இருந்தார்கள்.

அகதி வழக்கு வென்றவர் தீ வைத்த வழக்கும் வெல்வார் என்று நினைத்தோம். இப்படி ஒரு மடத்தனத்தை இந்த நாட்டில் எங்களைத் தவிர வேறு யாரும் செய்திருக்கமாட்டார்கள். சங்கத்துத் தலைவரும் அதையேதான் சொன்னார். "அவர் இருக்கேக்க வேற ஆரிட்டப் போறியள்?"

போனேன். வீடியோ இருந்த உறையை மேசையில் வைத்தேன். மன்றாட்டுக்கு வந்த நாற்பது பேரின் பெயரை எழுதியும் கொடுத்தேன். அவர் பட்டியலைப் பார்த்துச் சிரித்தார். நாற்பது சொந்தக்காரர் ஒரே கதையைச் சொன்னால் எந்த நீதிபதியும் நம்பமாட்டார், உங்கள் ஆட்களை எனக்குத் தெரியும் என்றார். அன்ரன் வாயே திறக்கக்கூடாது, மற்றதைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்.

நான் "ஓம்" என்று எழும்பி வந்தேன். வீடியோவைப் பார்த்தீர்களா என்று பிறகு ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. நானும் அதைப் பார்க்கவில்லை. புருஷனின் படத்துக்கு மாலை போட்டிருப்பதை வீட்டில் இருந்து பார்க்க எனக்கு ஏலாமல் இருந்தது. நாற்பது பேரும் தங்களைச் சாட்சிக்குக் கூப்பிடவில்லையே என்று சந்தோஷமாக வீட்டில் இருந்துவிட்டார்கள்.

மூன்று நாள் விசாரணை. அன்ரன் வாய் திறக்கவில்லை. எட்டு வருடம்.

4

விளக்கமறியலில் இருந்தபோது அவனைப் பார்க்கப் போனால் பக்கத்தில் ஒரு அதிகாரி உட்கார்ந்திருப்பார். நாங்கள் பேசுவது அவருக்கு விளங்கவேண்டும். மொழிபெயர்ப்பாளருக்கு ரெர்மின், அதுதான் நாள் குறித்து எடுக்க ஆறு கிழமை என்றார்கள். அதனால் நானும் என் தம்பியும் ஜேர்மன் மொழியில் பேசினோம். என்னுடைய ஜேர்மன் முதியோர் இல்லத்துச் சலவைப் பகுதியில் பழகினது. அவனுடையது சமையலறையில் பழகினது. விரிப்பு, துவாய், வெங்காயம், கெதியாய், சூடு, இந்தச் சொற்களை வைத்துக்கொண்டு ஒரு அக்காவும் தம்பியும் என்ன பேசலாம் என்று நீங்களே யோசியுங்கள்.

"சாப்பாடு நல்லதா?" என்று கேட்டேன்.

"சாப்பாடு நல்லது. வேலை நல்லதா?" என்றான்.

"வேலை நல்லது" என்றேன்.

அரை மணித்தியாலம் முடிந்தது. அதிகாரி திருப்தியாகத் தலையாட்டினார். ரயிலில் வரும்போது எனக்கு வந்த ஆத்திரத்தில் கைப்பையின் பட்டியைப் பிய்த்துவிட்டேன்.

இப்போது தமிழில் பேசலாம். மாதம் இரண்டு தடவை போகிறேன். விடிய ஆறு மணிக்குத் தொடங்கும் வேலை முடித்து, கையில் சவர்க்கார மணத்தோடு இரண்டு ரயில் மாறி. போன பங்குனியில் தண்டனையின் மூன்றில் இரண்டு பங்கு முடிந்தது. இங்கே பலரை அதோடு விடுவார்கள். அன்ரனை விடவில்லை. செய்த குற்றத்தை அவன் இன்னும் உணரவில்லையாம், வருந்தவில்லையாம். செய்யாததற்கு எப்படி வருந்துவது?

"ஓமெண்டு ஒருக்காச் சொல்லிப்போட்டு வெளியில வாவன்ரா" என்று நானே கெஞ்சினேன்.

அவன் என்னைப் பார்த்த பார்வை இன்னும் சுடுகிறது. "அக்கா, ஒருக்கா நீங்கள் சொன்னதெண்டு வாயை மூடிக்கொண்டு இருந்தனான். இனி ஏலாது."

5

மகள் மெலனிக்கு இருபத்தாறு வயது. டுசல்டோர்ஃபில் வேலை, தனியாக இருக்கிறாள். மாமா உள்ளே போன நாளில் இருந்து என்னோடு கோபம். அவளுடைய தமிழ் வருடத்துக்கு வருடம் சுருங்கி வருகிறது. தொலைபேசியில் நான் தமிழில் கேட்பேன், அவள் ஜேர்மனில் பதில் சொல்வாள். நத்தாருக்கும் அப்பாவின் நினைவு நாளுக்கும் வருவாள். வந்தாலும் சப்பாத்தைக் கழற்றும்போதே ரயில் நேரம் பார்ப்பாள்.

சென்ற வருடம் எங்கட லோயர் ஓய்வு பெற்றார். அலுவலகத்தை மூடும்போது எங்கள் கோப்புகளை ஒரு பெட்டியில் போட்டுத் திருப்பி அனுப்பினார்கள். ஐந்தாம் ஆண்டு நினைவுக்கு வந்திருந்த மெலனி அந்தப் பெட்டியைத் திறந்தாள். அப்பாவின் மன்றாட்டு வீடியோ இருந்த உறை அதற்குள் கிடந்தது. உறையின் மேல் அவருடைய கையெழுத்தில் ஒரு வரி: 22.40 மணி, வழக்குக்குப் பயனில்லை.

நான் குசினிக்குள் இருந்தேன். அவள் முன்னறையில் அதைப் போட்டுப் பார்த்தாள். கொஞ்ச நேரத்தில் என்னைக் கூப்பிட்டாள். அதிசயமாகத் தமிழில்.

"மம்மா, இரவு பத்து நாப்பதுக்கு ஏன் வெயில் எறிக்குது?"

போய்ப் பார்த்தேன். படத்தின் மூலையில் நேரம் ஓடிக்கொண்டிருந்தது, 22:40. நடுவில் அன்ரன் தேநீர்த் தட்டோடு நிற்கிறான். அவனுக்குப் பின்னால் மண்டபத்தின் மேற்கு ஜன்னல். ஜன்னல் முழுக்க மாலை வெயில். அவனுடைய ஒரு பக்கக் கன்னத்திலும் அது விழுந்திருக்கிறது.

செல்வம் அண்ணைக்குத் தொலைபேசி எடுத்தேன். அவர் சாதாரணமாகச் சொன்னார். "அது தங்கச்சி, கமரா யாழ்ப்பாணத்தில வாங்கினது. கடைக்காரப் பெடியன் வைச்ச நேரம் அப்பிடியே ஓடுது. நான் ஒருநாளும் மாத்தேல்லை. நேரத்தை ஆர் பாக்கினம், முகம் வடிவா விழுந்தாச் சரிதானே."

கோடையில் ஊர் நேரம் எங்களுக்கு மூன்றரை மணித்தியாலம் முன்னால். பத்து நாற்பதில் இருந்து மூன்றரையைக் கழித்தால் ஏழு பத்து.

என் குசினிச் சுவரில் இரண்டு மணிக்கூடுகள் இருக்கின்றன. ஒன்று இங்கத்தையது, ஒன்று ஊர் நேரம். அம்மா இருந்த காலத்தில் எப்போது அழைக்கலாம் என்று பார்க்கத் தொங்கவிட்டது. முப்பது வருடமாக அதைப் பார்த்துக் கழித்துக் கூட்டி வாழ்கிறவள் நான். ஒரு தடவை அந்த வீடியோவைப் பார்த்திருந்தால் எனக்கு விளங்கியிருக்கும். லோயருக்கு இது தெரியவேண்டியதில்லை, சரி. ஆனால் ஜன்னல் எல்லாருக்கும் பொதுதானே. அந்த மனிதர் இலக்கத்தைப் பார்த்தார், ஜன்னலைப் பார்க்கவில்லை. ஏன் அம்மா இதைக் கொண்டுவந்தாய் என்று ஒரு கேள்வி கேட்கவில்லை.

மெலனி என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் ரயிலை விட்டுவிட்டாள். மூன்று நாள் என்னோடு இருந்து அந்தப் பெட்டி முழுவதையும் வாசித்தாள்.

6

புதுச் சட்டத்தரணி லிண்ட்னர் அம்மா. குற்ற வழக்குகள் மட்டும் பார்ப்பவர். அவரிடம் நான் முதலில் சொன்னது இதுதான்: "எங்கட லோயர் வேலையைச் செய்யேல்லை எண்டு எழுதுங்கோ." மெலனி மொழிபெயர்த்தாள்.

அவர் பேனாவை வைத்துவிட்டார். அமெரிக்காவில் என்றால் ஒரு கைதி மேல்நீதிமன்றத்துக்குப் போய் என் சட்டத்தரணி எனக்காக ஒழுங்காக வாதாடவில்லை என்றே முறையிடலாம், பெரும்பாலும் தோற்பார்கள், ஆனாலும் அப்படி ஒரு வழி இருக்கிறது என்றார். இங்கே தீர்ப்பு உறுதியான பிறகு, சட்டத்தரணி திறமையில்லாதவர் என்பதற்காக மட்டும் ஒரு வழக்கைத் திரும்பத் திறக்கமாட்டார்களாம். நீதிமன்றம் பார்க்காத புதுச் சான்று வேண்டும்.

அதாவது எங்கட லோயர் தூங்கினது குற்றமில்லை. அவர் தூங்கினதால் நீதிமன்றத்துக்குப் போகாமல் கிடந்த வீடியோ மட்டும்தான் எங்களுக்கு உதவும். இதை எனக்கு இரண்டு தடவை விளக்கினார்கள். விளங்கியது, ஆனால் விழுங்க முடியவில்லை.

வழக்கைத் திரும்பத் திறக்கச் சொல்லி அன்ராக், அதாவது விண்ணப்பம், போட்டோம். எட்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. நிராகரிப்பு. கமரா வேறு நாட்டு நேரத்தில் ஓடியது என்பது வெறும் கூற்றாம். ஜன்னல் வெளிச்சம் வெளியே இருந்த மின்விளக்காகவும் இருக்கலாமாம். இவ்வளவு முக்கியமான சான்று என்றால் கைதி அன்றைக்கே ஏன் சொல்லவில்லையாம். வெயிலுக்கும் லைற்றுக்கும் வித்தியாசம் தெரியாதவர்கள் மூன்று பேர் கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

லிண்ட்னர் அம்மா மேலே முறையிட்டார். பழைய லோயரிடமும் ஒரு வாக்குமூலம் கேட்டார். அவர் எழுதியனுப்பினது இரண்டு வரி. அப்படி ஒரு வீடியோ பற்றித் தனக்கு நினைவில்லை, உறையில் இருப்பது தன் கையெழுத்தாக இருக்கலாம். உங்கள் மக்களுக்காகத் தான் எப்போதும் முடிந்ததைச் செய்ததாக எனக்குத் தனியாக ஒரு வாழ்த்து அட்டை வேறு.

சங்கத்துக்கு இது காதில் விழுந்தது. தலைவர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். "அக்கா, அந்த மனிசன்ர பேரைக் கெடுக்காதேங்கோ. அவர் இல்லாட்டி நாங்கள் ஒருத்தரும் இங்க இல்லை. வாற மாதம் அவருக்கு எண்பதாவது பிறந்தநாள் விழா வேற வைச்சிருக்கிறம்."

"அன்ரனும் இங்க இருக்க மாட்டான், அதுக்கும் ஒரு விழா வையுங்கோ" என்று சொல்லிவிட்டு வந்தேன். அதோடு பூசையில் எனக்குப் பக்கத்தில் இருக்கிறவர்கள் குறைந்து போனார்கள்.

7

மஞ்சள் உறைக்கு வருகிறேன். மேல்நீதிமன்றம் எங்கள் முறையீட்டை ஏற்றுவிட்டது. வீடியோவைச் சரியாக ஆராயவேண்டும் என்று கீழே திருப்பி அனுப்பியிருக்கிறது. சாட்சிகளாக நானும் செல்வம் அண்ணையும். அவர் கமராவையும் கொண்டுவரவேண்டும். அதன் மணிக்கூடு எந்த நேரத்தில் ஓடுகிறது என்று ஒரு நிபுணர் பார்ப்பார்.

மெலனிக்கு வாசித்துக் காட்டினேன். அவள் தொலைபேசியில் அழுதாள். நான் அழவில்லை, இன்னும் நம்பவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வந்தால் படியில் செல்வம் அண்ணை நிற்கிறார். கழுத்துப்பட்டி கட்டி, கமராப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு, முகமெல்லாம் சிரிப்பு.

"தங்கச்சி, எனக்குப் போன கிழமையே கோர்ட் கடிதம் வந்திட்டுது. நான் எல்லாம் ரெடி. கமராவைக் குடுத்துக் கழுவிச் சேவிஸ் பண்ணி, புது பற்றரி போட்டு..." பையைத் தட்டினார். "நேரத்தையும் ஜேர்மன் நேரத்துக்கு வடிவாத் திருத்தி வைச்சிட்டன். கோர்ட்டுக்குப் போறதெல்லே, பிழையான நேரத்தோட போகக் கூடாது."

மெலனி என் கையைப் பிடித்தாள். நிபுணர் பார்க்கவேண்டிய சான்றையே அவர் அழித்துவிட்டார். அந்த மனிதரின் கழுத்துப்பட்டியைப் பிடித்து உலுக்கவேண்டும் போல இருந்தது. ஆனால் அவர் முகத்தைப் பார்த்தால், அதிகாரிகளுக்கு முன்னால் எல்லாவற்றையும் துடைத்து, மடித்து, அவர்களுக்குப் பிடித்த மாதிரி அடுக்கிக்கொண்டு போய் நிற்கிற நாங்கள் அத்தனை பேரும் அதில் நின்றோம். நானும் அப்படித்தான் என் தம்பியைத் துடைத்து மடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அவரை விட்டுவிட்டுச் சனத்தின் பக்கம் திரும்பினேன். சில மாதமாக என்னைக் கண்டால் தொலைபேசியைப் பார்க்கிறவர்கள். ஆறு வருடத்தில் முதல்தடவையாகச் சத்தம் போட்டேன்.

"செல்வம் அண்ணை எடுத்த பழைய வீடியோ ஆரின்ர வீட்டில கிடக்கு? மூலையில நேரம் பிழையா ஓடுற வீடியோ. நாற்பது பேர் அண்டைக்கு அன்ரன்ர கையால தேத்தண்ணி வாங்கிக் குடிச்சனீங்கள். ஒருத்தராவது இப்ப வாயைத் திறவுங்கோ."

சங்கத் தலைவர் பொக்கற்றுக்குள் கார்த் திறப்பைத் தேடினார். பக்கத்தில் நின்ற அவருடைய மனைவி அவரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"எங்கட மூத்தவளின்ர கலியாண வீடியோ இருக்கு, அக்கா. அன்ரன்ர பிரச்சினைக்கு முந்தின வைகாசி. பதினொரு மணிப் பூசை. வீடியோவில ரெண்டரை எண்டு ஓடுது. நேரத்தைக்கூடச் சரியா வைக்கத் தெரியாதவனெண்டு இவர் இண்டைக்கும் ஏசுறவர். அழைப்பிதழும் வைச்சிருக்கிறன், அதில நேரம் கிடக்கு."

தலைவர், "நீர் சும்மா இரும்" என்றார். மனைவி சும்மா இருக்கவில்லை. நேரே எங்களைக் காரில் ஏற்றிக்கொண்டு போனார்.

அவர்களுடைய முன்னறையில், தேத்தண்ணி ஆறிக்கொண்டிருக்க, நானும் மெலனியும் அந்த வீடியோவைப் பார்த்தோம். பொம்பிளை கோவிலுக்குள் வருகிறாள். மூலையில் 14:30. கமரா மெதுவாகத் திரும்பி முன்வரிசைக்கு வருகிறது. தோளில் பொன்னாடையோடு, கையில் பூவோடு, எங்கட லோயர். அவருக்குப் பின்னால் கோவில் மணிக்கூடு பதினொன்று என்கிறது. அவர் தலைக்கு நேர் மேலே, படத்தின் மூலையில், இரண்டரை.

மெலனி அந்த இடத்தில் நிறுத்தினாள். லிண்ட்னர் அம்மாவுக்கு உடனே அனுப்பினாள். கீழே என்ன எழுதுவது என்று என்னைக் கேட்டாள்.

"புதுச் சாட்சி ஒருத்தர் முன்வரிசையில இருக்கிறாரெண்டு எழுது" என்றேன். "இந்த முறை அவரைக் கூப்பிடச் சொல்லு."